இடமில்லை என்றது கம்பியூட்டர்

போன வாரம் நஸ்லியாவை எந்தக் கதிரையில் விட்டுவிட்டு வந்தோமோ, இன்று காலையும் அதே கதிரையில்தான் இருந்தாள். கலகெதர இப்திகார் ஹாஜியாரின் மகள் பஸ்லினாவின் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தை வீடியோவில் படம்பிடித்தவள் இவள். அதை வெட்டி ஒட்டி முடிக்கிற நேரம் பார்த்துக் கம்பியூட்டர் காலை வாரிவிட்டது. பஸ்லினா நாளைக்குப் புருஷனோடு கட்டாருக்குப் பறக்கிறாள். படம் இன்றைக்கே கைக்கு வர வேண்டும். கம்பியூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா? டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டிவிட்டு, அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

கம்பியூட்டர் இருந்தது குசினிக்குப் போகும் நடையில். கட்டுகஸ்தோட்டையில் உம்மாவின் வீடு அது. நஸ்லியா கல்யாணம் முடித்துப் போனதும், அவளுடைய அறையில் அண்ணன் ஷப்ராஸின் த்ரீவீல் டயர்கள் குடிபுகுந்தன. தலாக் ஆகித் திரும்பி வந்தபோது டயர்கள் நகரவில்லை. அவளுக்கு நடை கிடைத்தது. உம்மாவுக்கு ஒரே மகன். அவனுடைய சாமான் எங்கே கிடந்தாலும் அங்கேயே கிடக்கும். அது அந்த வீட்டுச் சட்டம்.

பெண்கள் பக்கம் என்றால் விளையாட்டில்லை. கதவைச் சாத்தி, சாப்பாடு பரிமாற வருகிற ஆண்களைக்கூட வாசலோடு நிறுத்திவிட்டு, பெண்கள் அபாயாவைக் கழற்றி வைத்து, முடியை அவிழ்த்துவிட்டு, பாடி ஆடிச் சிரிக்கிற இடம் அது. அங்கே கமராவோடு நிற்க நஸ்லியா ஒருத்திக்குத்தான் அனுமதி. அதற்காக அவள் சில கட்டுப்பாடுகளை வைத்திருந்தாள். படங்களை இன்டர்நெட்டில் ஏற்றமாட்டாள். கம்பியூட்டரைத் திருத்தக் கடைக்குக் கொடுக்கமாட்டாள். வேலை முடிந்ததும் மணமகளையே வீட்டுக்கு அழைத்து, எடுத்த படங்களையெல்லாம் அவளுடைய விரலாலேயே அழிக்கச் செய்வாள். அதன் மேல் அடுத்த கல்யாணம் வந்து ஏறிவிடும். பழையதைத் தோண்டி எடுக்க யாராலும் முடியாது.

"நஸ்லியாட்டக் குடுத்தா வெளிய போகாது" என்று கலகெதரயிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை பெண்கள் சொன்னார்கள். தலாக் ஆனவள் என்று அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிய வீடுகளே கல்யாணத்துக்கு முன்வாசலால் அழைத்தன. அவளிடம் இருந்த ஒரே மரியாதை அதுதான்.

விடிந்ததிலிருந்து தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் காலி செய்தாள். தேவையில்லாமல் சேர்ந்து கிடந்த தற்காலிகக் கோப்புகளைக் கழித்தாள். கம்பியூட்டரைப் போட்டதும் கூப்பிடாமலே எழும்பி வந்து உட்காருகிற புரோகிராம்களை நிறுத்தினாள். பெரிய படங்களுக்குச் சின்னப் பிரதிகள் செய்து அவற்றை வைத்து வெட்டினாள். எல்லாம் சரியாகத்தான் போனது. முழுப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து எடுக்கப் போன இடத்தில் திரை உறைந்து நின்றது.

பழைய கம்பியூட்டருக்கு மெமரி குறைவு. போதாவிட்டால் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் எடுத்து அது சமாளிக்கும். கல்யாண வீட்டில் ஆள் கூடினால் விறாந்தையில் பாய் போடுகிறோமே, அப்படி. இங்கே விறாந்தையும் நிறைந்துவிட்டது. நிறைத்தவர் யார்? டிஸ்க்கின் பெரும்பாதியான டி டிரைவ் முழுக்க ஷப்ராஸின் சண்டைப் படங்களும் கிரிக்கெட் மெச்களும். அவற்றில் பாதியை அவனே பார்த்ததில்லை.

ஷப்ராஸ் முன்னறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நானா, டி டிரைவ்ல ஈக்கிற படத்துல கொஞ்சத்த அழிச்சித் தாங்களேன். இன்டைக்கு வேல முடியோணும்."

"அதெல்லாம் தேடித் தேடி எடுத்த படம். இப்ப எங்கயும் கெடைக்காது."

"நீங்க பாக்கிறதே இல்லயே."

"பாக்கிற நேரம் பாப்பன். ஒன்ட கல்யாண வீடியோக்கள அழி. அதுதானே பெரிசா ஈக்கி."

"அது என்ட வேல நானா."

குசினியிலிருந்து உம்மா பாயிஸாவின் குரல் வந்தது. "அவன்ட சாமானுல கை வெக்காத மகள். காலங்காத்தால ரெண்டு பேரும் தொடங்கிட்டீங்க."

இரண்டு பேர் தொடங்கினார்களாம். நஸ்லியா வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் அதிகம் பழகிய வேலை அதுதான்.

ஷப்ராஸ் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். "ரவிகுமார்ட கடைக்குக் கொண்டு பெய்த்துக் குடுப்பம். நிமிஷத்துல செஞ்சி தருவான்" என்றான்.

"கடைக்கு வேணாம் நானா. அதுல பொம்பளைகள்ட படம் ஈக்கி. ஒங்களுக்குத் தெரியும் தானே."

"சரி, சரி."

அந்தச் 'சரி'யை நம்பித்தான் அவள் கண்டிக்கு பஸ் ஏறினாள்.

மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் சர்மிளா அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். வெளியே தனியாக இணைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று அவளிடம் இருந்தது. பிள்ளையின் பிறந்தநாள் படங்களைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

"கொண்டு போடி. அவசரமா திருப்பித் தரணும்னு இல்ல" என்று சர்மிளா அதைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "ஏன், ஒங்க நானாவோட சினிமாக் கொட்டகைய இன்னும் மூடலையா?"

நஸ்லியா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான். திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் நெரிசலில் நின்றது. மகாவலி கீழே கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஹேன்ட்பேக்கை மடியில் அணைத்தபடி மனதுக்குள் கணக்குப் போட்டாள். படங்களை இந்த டிஸ்க்குக்கு மாற்றினால் இடம் வந்துவிடும். அஸர் தொழுகைக்குள் படம் தயாராகிவிடும். பின்னேரம் பஸ்லினா வந்து விரலால் அழித்துவிட்டுப் போவாள். வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்பும் கொடுத்து அனுப்பலாம்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நடையில் நின்றுவிட்டாள்.

மேசையில் மொனிட்டர் மட்டும் இருந்தது. கம்பியூட்டர் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம். வயர்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

"உம்மா! பெட்டி எங்க?"

"நானா கொண்டு போன. ஒனக்காகத்தான்." உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "தோள்ல தூக்கித் த்ரீவீல்ல ஏத்திட்டுப் போன, பாவம். ஹயருக்கும் போகல்ல. நீ என்னண்டா காலயில அவனோட மல்லுக்கு நிக்கிற."

"வேணாம்ண்டு செல்லித்தானே போன நான்!"

"நல்லது செஞ்சாலும் குத்தம்" என்றார் உம்மா.

நஸ்லியா கழற்றாத செருப்போடு அப்படியே திரும்பி ஓடினாள்.

ரவிகுமாரின் கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பழைய ஃபோன்களும் கீபோர்டுகளும் தொங்கும் ஒரு சின்ன அறை. உரக்கப் பேசத் தெரியாத மனுஷர் அவர். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க தங்கச்சி. மெஷின் ரெடி. எல்லாத்தையும் தொடச்சிப் புதுசாப் போட்டுட்டேன். இனிப் போட்டுப் பாருங்க, பறக்கும்."

"உள்ளுக்கு இருந்த வீடியோக்கள்?"

"டி டிரைவ்ல கை வைக்காத, மத்த எல்லாத்தையும் தூக்குன்னு ஷப்ராஸ் சொன்னாரு. தூக்கிட்டேன்."

 சண்டைப் படங்கள் தப்பிவிட்டன. கல்யாணம் போய்விட்டது.

"பயப்படாதீங்க" என்றார் ரவிகுமார் அவசரமாக. "யாரோட சாமானா இருந்தாலும் ஒரு கொப்பி எடுத்து வைக்காம நான் அழிக்கிறதில்ல. அது நம்ம கடை வழக்கம். இந்தா, கடை மெஷின்ல அப்படியே இருக்கு."

போன உயிர் வந்தது. வந்த உயிர் நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டது. உலகத்தில் அந்தக் கல்யாணத்துக்கு இப்போது இருப்பது ஒரே ஒரு பிரதி. அது இருப்பது, எந்த இடத்துக்குப் போகவே கூடாது என்று அவள் வாக்குக் கொடுத்தாளோ அந்த இடத்தில்.

"தொறந்து பாத்தீங்களா?"

ரவிகுமார் மேசையில் கிடந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தார்.

"கொப்பி சரியா வந்திருக்கான்னு ஒண்ணத் தொறந்து பாக்கணும், தங்கச்சி. இல்லாட்டிப் பிறகு பழி நம்ம மேலதான் வரும். தொறந்தேன். பொம்பளைங்க ஆடுறதக் கண்டதும் மூடப் போனேன். சத்தியமா."

"ஆக்கள் நின்டாங்களா?"

"மூணு பேரு நின்னாங்க. ஃபோன் திருத்த வந்தவங்க." திரை கவுன்டரைப் பார்த்தபடிதான் இருந்தது. "நான் மூடியிருப்பேன். ஷப்ராஸ்தான் கையப் பிடிச்சாரு. கொஞ்சம் ஓட விடுங்கன்னாரு. 'இது கலகெதர இப்திகார் ஹாஜியார்ட மகள்ட கல்யாணம். என் தங்கச்சி எடுத்தது, எப்படி எடுத்திருக்கா பாருங்க'ன்னு அவங்ககிட்ட சொன்னாரு. பெருமைக்குத்தான் சொன்னாரு தங்கச்சி. கெட்ட எண்ணத்துல இல்ல."



இத்தனை வருஷத்தில் ஷப்ராஸ் அவளுடைய ஒரு படத்தைக்கூட இருந்து பார்த்ததில்லை. நல்லா ஈக்கி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ தடவை மொனிட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கடந்து போவான். இன்றைக்கு அவளைப் புகழ்ந்திருக்கிறான். மூன்று அந்நிய ஆண்களுக்கு முன்னால், ஒரு புதுப்பெண்ணின் அவிழ்ந்த முடியைக் காட்டி, தகப்பன் பேரும் ஊரும் சொல்லிப் புகழ்ந்திருக்கிறான்.

அழுகை வந்தது. அதற்கு இப்போது நேரமில்லை. சர்மிளாவின் டிஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல எல்லாத்தையும் இதுக்கு மாத்துங்க. திரைய அந்தப் பக்கம் திருப்புங்க. கதவுல மூடியிருக்குண்டு போடுங்க."

ரவிகுமார் மறுபேச்சில்லாமல் செய்தார். மாற்றி முடிந்ததும் அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடை மெஷினில் இருந்த பிரதியை அழித்தாள். குப்பைக்கூடையையும் காலி செய்தாள்.

"போயிருச்சு. இனிக் கவலைய விடுங்க" என்றார் ரவிகுமார்.

"போகல்ல. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேருதான் போயீக்கி. நாளைக்கு யாரும் ஒரு சொஃப்ட்வெயரப் போட்டா திரும்ப எழும்பும். இந்த டிஸ்க்கக் கழட்டித் தர ஏலுமா?"

"அதுல மத்த ஆளுங்க சாமானும் இருக்கே."

நஸ்லியா திரையைப் பார்த்தாள். காலையெல்லாம் இடமில்லை, இடமில்லை என்று அழுதவளுக்கு முன்னால் இப்போது வெறுமையான இடம் பரந்து கிடந்தது. அந்த வெறுமைக்கு அடியில் பஸ்லினா ஆடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நிரப்புங்க" என்றாள்.

"எதால?"

"எங்கட நானாட படங்களால. டி டிரைவ் முழுசா ஈக்கி தானே. கொப்பி பண்ணுங்க. போதாட்டித் திரும்பவும் கொப்பி பண்ணுங்க. இதுல ஒரு பொட்டு இடமும் மிஞ்சக்கூடாது."

ரவிகுமார் அவளைப் பார்த்தார். பிறகு வயரை எடுத்துச் செருகினார்.

சண்டைப் படங்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அவளுடைய அறையை அடைத்த டயர்களைப் போல, அவளுடைய டிஸ்க்கை அடைத்த அதே படங்கள். பிறந்ததிலிருந்து முதன்முறையாக அவை ஒரு நல்ல காரியத்துக்கு உதவின. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்தது.

ஷப்ராஸ் த்ரீவீலை வெளியே நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இன்னும் இங்கயா ஈக்கிற? மெஷின் நல்லா ஓடுது தானே?" என்றவன் திரையைப் பார்த்தான். "இது என்ட படமெல்லோ. என்ன செய்யிற?"

"ஒங்கட படத்துக்கு ஒரு வேல வந்தீக்கி நானா."

"என்ன வேல?"

"நீங்க காட்டினத மூடுற வேல."

ஷப்ராஸ் ரவிகுமாரைப் பார்த்தான். ரவிகுமார் தரையைப் பார்த்தார்.

"அதா? கல்யாண வீட்டுல நூறு பேரு கண்டது தானே!"

"நூறு பொம்பளைகள்."

"நான் ஒன்னப் பத்திப் பெருமையாத்தானே சென்ன."

"வீட்டுக்குள்ள செல்லியிருக்கலாமே நானா. நான் அங்கதானே இருந்த. நடையில."

 அவள் சொன்னது அவனுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. ஃபோனை எடுத்து உம்மாவுக்குப் போட்டு இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

"மகள்" என்றார் உம்மா. இப்போது குரல் இறங்கியிருந்தது. "ஹாஜியார் வூட்டுக்கு இதச் செல்லிக்கில்லிப் போடாத. மூணு பேரு தானே, மறந்துருவாங்க. நீ வாயத் தொறந்தாத்தான் வெளிய வரும். அவன் ஒருத்தன்தான் எங்களுக்கு ஆம்புளத் தொண. யோசிச்சிக்க."

"எனக்கு யாரு தொண உம்மா?"

"ஏன், நான் இல்லயா?" என்றார் உம்மா. சொல்லி முடித்ததும் அவருக்கே அது வெறும் வார்த்தையாகப் பட்டிருக்க வேண்டும். ஃபோனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் கோடு நின்றது. டிஸ்க்கில் இடமில்லை என்று அறிவித்தது கடைக் கம்பியூட்டர். காலையில் எந்த வார்த்தையைக் கண்டு தலையில் கையை வைத்தாளோ, அதே வார்த்தை. நஸ்லியா மூச்சை விட்டாள்.

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. பஸ்லினா.

"ராத்தா, நாங்க வந்துட்டீக்கிறோம். வாப்பாட கார்ல. படம் ரெடி தானே? இந்த விரலுக்கு நேத்தைக்குத் திரும்பவும் மருதாணி போட்டீக்கி, அழிக்கிறதுக்குண்டே." புதுப்பெண்ணின் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவரு கேட்டாரு ராத்தா. ஆம்புளைகள் ஒருத்தரும் பாக்கல்லதானேண்டு. நான் சென்ன, நஸ்லியா ராத்தாட்ட அந்தப் பேச்சுக்கே இடமில்லண்டு. சரிதானே?"

எதிரே ஷப்ராஸ் இரண்டு கைகளையும் அசைத்து, வேண்டாம் வேண்டாம் என்றான்.

பொய் சொல்வது லேசு. டிஸ்க் நிறைந்துவிட்டது, தடயமும் இல்லை. பஸ்லினா வருவாள், மருதாணி விரலை வைத்து அழுத்துவாள், எல்லாம் அழிந்தது என்று நிம்மதியாகப் பறப்பாள். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதை அழிக்க அந்த விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கிற கை நஸ்லியாவின் கையாக இருக்கும். அந்த மூன்று பேரும் ஊருக்குள்தான் நடமாடுவார்கள்.

"சரியில்ல பஸ்லினா" என்றாள். "இன்டைக்குப் பாத்துட்டாங்க. மூணு ஆம்புளைகள். ஒரு கடையில. நீங்க ஆடினத. ஒங்கட வாப்பாட பேரும் செல்லப்பட்டிச்சி. படம் இப்ப என்ட கையிலதான் ஈக்கி, வேற எங்கயும் இல்ல. ஆனா பாத்தது பாத்ததுதான். என்ட பொறுப்புல ஈக்கிறப்ப நடந்தது. என்ன மன்னிங்க."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு விம்மல். பிறகு ஃபோன் கை மாறியது.

"நான் இப்திகார்." ஹாஜியாரின் குரல் உயரவில்லை. "எங்கட புள்ளட படத்தக் கடைக்குக் கொண்டு போனது யாரு?"

ஷப்ராஸின் முகத்தில் இரத்தமே இல்லை. அவனுடைய உதடுகள் 'தங்கச்சி' என்று சத்தமில்லாமல் அசைந்தன. அந்த வார்த்தையால் அவன் தன்னைக் கடைசியாக எப்போது கூப்பிட்டான் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"என்ட நானா, ஹாஜியார். ஷப்ராஸ்."

"அவரு இப்ப எங்க?"

"எனக்கு முன்னால நிக்கிறாரு. பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல, ரவிகுமார்ட கடை."

"நிக்கச் செல்லுங்க. நாங்க பாலத்துக்கிட்ட வந்துட்டோம்."

அவள் ஃபோனை இறக்குவதற்குள் கண்ணாடிக் கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. வெளியே த்ரீவீல் ஒரு தடவை இருமி, கிளம்பிப் போனது. அதிர்ந்த கதவில் 'மூடியிருக்கு' என்ற அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ரவிகுமார் கதிரையை இழுத்துப் போட்டார். நஸ்லியா ஹேன்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு, பாலத்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.